ஏழாங் குழியில் அசைந்த பந்து

கோல்ப் ஆட்டத்தை நாம் முதன்முதலிற் கண்டது புகையிரத யன்னலூடாகத்தான். நுகேகொடையிலிருந்து கொழும்பிலுள்ள எமது கந்தோருக்குச் செல்லும் நாளாந்தப் பயணத்தில், களனிப் பள்ளத்தாக்குப் பாதையில் ஓடும் அந்த வண்டி, கோட்டா வீதி நிலையத்தைத் தாண்டியதும் பசும்புல் வெளியொன்றை ஊடறுத்துச் செல்லும். அது 1879ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பெற்ற றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் திடல். வண்டிக்குள்ளே நெரிசலில் ஒற்றைக் காலில் நாம் தொங்கிக்கொண்டிருக்க, வெளியே தொப்பி அணிந்த ஒருவர் குனிந்து நின்று, தம் காலடியிற் கிடக்கும் வெண்ணிறப் பந்தொன்றை உற்று நோக்கிக்கொண்டிருப்பார். இதோ அடிக்கப்போகிறார், இதோ அடிக்கப்போகிறார் என்று பார்த்திருப்போம். அவர் அடிப்பதற்குள் வண்டி பேஸ்லைன் வீதி நிலையத்தை அடைந்துவிடும். ஏறக்குறையப் பத்து வருடங்கள் அவ்வழியே சென்றும், ஒருவராவது பந்தை அடித்ததை நாம் கண்ணாற் கண்டதில்லை. 'இத்துணை நேரம் எதைத்தான் யோசிக்கிறார்கள்?' என்று எண்ணிச் சிரித்திருக்கிறோம். அன்று சிரித்த சிரிப்புக்கு இன்று வட்டியும் முதலுமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நாற்பத்தெட்டாம் வயதில் எமது வைத்தியர், சீனியைக் குறைக்கவேண்டும், தினமும் நடக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். சீனியைக் குறைத்தோம். நடப்பதுதான் இயலவில்லை. சேருமிடம் இன்றி நடப்பது எமக்குப் பெருஞ் சலிப்பைத் தரும் காரியம். அப்பொழுது கந்தோர் நண்பர் ஒருவர், "பந்தைத் தேடிக்கொண்டு நடக்கலாமே!" என்று எம்மை அழைத்துச் சென்றார். அவர் கூற்றில் இருந்த உண்மையைப் பின்னரே உணர்ந்தோம். பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்க நாலு மைலுக்குக் குறையாமல் நடக்கவேண்டும். நேராக அடிப்பவருக்குத்தான் இக்கணக்கு. எம்மைப் போன்றோர் திடலின் இரு எல்லைகளையும் மாறிமாறித் தரிசித்துச் செல்வதால் ஐந்து, ஆறு மைல் என்று கொள்ளலாம்.

இந்த விளையாட்டைப் பற்றி அறியாத இளைஞருக்காகச் சில வார்த்தைகள். பந்தின் குறுக்களவு 1.68 அங்குலத்துக்குக் குறையலாகாது. அதனை வீழ்த்தவேண்டிய குழியின் வாய் நாலேகால் அங்குலம். இவ்விரண்டுக்கும் இடையே முந்நூறு, நானூறு யார் தூரமும், மரமும், ஓடையும், மணற்குழியும், ஆடுபவருடைய மனமும் கிடக்கின்றன. ஒருவர் தம் பையிற் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். எம்மிடம் இருப்பவை ஒன்பது. ஒன்பதும் பிறர் பாவித்துக் கழித்தவை. ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி சென்றது என்று எண்ணிப் பதினெட்டுக் குழிகளுக்கும் கூட்டினால், எவருடைய தொகை குறைந்ததோ அவரே வென்றவர். வாழ்வில் மற்றெல்லாவற்றிலும் கூடுதலை நாடிப் பழகிய எமக்குக் குறைவை நாடும் இந்தக் கணக்கு முதலில் விசித்திரமாயிருந்தது. வல்லுநரும் கற்றுக்குட்டியும் ஒருங்கே ஆடுவதற்காக, வல்லமை குறைந்தவருக்குச் சில அடிகளைத் தொகையிலிருந்து கழித்துவிடும் சலுகையும் உண்டு. எமக்கு அளிக்கப்பட்ட சலுகை முப்பது. அதைக் கொண்டு எமது திறமையை வாசகர்களே அளந்துகொள்ளலாம்.

எமது பால்யம் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைகளிற் கழிந்தது. கிட்டிப்புள் ஆட்டத்தில் நாம் அக்காலத்தில் ஓரளவு பெயர் பெற்றவர். அந்தப் பெயரே இங்கு எமக்கு வினையாய் முடிந்தது. கிட்டிப்புள்ளில், எழுந்து நிற்கும் புள்ளைக் கையின் பலங்கொண்ட மட்டும் விளாசவேண்டும். கோல்ப் பந்தோ, விளாச விளாசக் கோபித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறது. மட்டையை ஒரு குஞ்சுப் பறவையைப் பிடிப்பதுபோல் இளக்கமாகப் பிடிக்கவேண்டுமாம். தோளைத் திருப்பி, தலையை அசையாது வைத்து, மட்டையின் பாரமே பந்தைக் கொண்டுசெல்ல விட்டுவிடவேண்டுமாம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் கை கற்ற வித்தையை மறக்கச் செய்வதற்கு எமக்கு இரண்டு வருடங்கள் பிடித்தன. ஆயினும் இன்றுங்கூட, யாராவது பார்த்துக்கொண்டு நின்றால், கை தன் பழைய ஊருக்குத் திரும்பிவிடுகிறது.

ஆனாற் சிறுவயதில் ஆடிய போளையாட்டம் எமக்குக் கைகொடுத்தது. மண்ணிற் குதிக்காலால் ஒரு குழி தோண்டி, அதனுள் போளையை உருட்டிவிடுவதற்குத் தரையின் சாய்வைக் கண்ணால் அளப்போமல்லவா? குழியைச் சூழ்ந்த மென்புற்றரையில், பட்டர் என்னும் மட்டையாற் பந்தை உருட்டுவதற்கும் அதே கண்தான் வேண்டும். (இந்தப் பட்டருக்கும் கோயிற் பட்டருக்கும் தொடர்பில்லை, ஆயினும் இருவர் முன்னிலையிலும் நாம் கடவுளை நினைப்பதுண்டு.) நூறு அடி ஆடுபவரின் தொகையில் நாற்பதுக்கு அண்மித்த பங்கு இந்த உருட்டலிலேயே போய்விடுகிறது என்பதை எமது பழைய அட்டைகளை எடுத்துக் கணக்குப் பார்த்தபோது கண்டு திடுக்கிட்டோம். தூரம் அடிப்பதற்குக் காசும் திடலும் வேண்டும். உருட்டிப் பழகுவதற்கு வீட்டு மண்டபம் போதும்.

அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் சாப்பாடு முடிந்தபின் மண்டபத்திற் சாதனை தொடங்கியது. கம்பளத்தின் ஒரு கோடியில் ஒரு செம்பைச் சரித்து வைத்து, மறுகோடியில் இருந்து ஐம்பது பந்துகள் உருட்டுவோம். பந்து உள்ளே போனால் 'டங்' என்னும் நாதம் எழும். அந்த நாதம் எமக்கு இன்பமாகவும், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளுக்குத் துன்பமாகவும் இருந்தது. மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, சாமியறைச் செம்பை எடுத்தனீங்களோ?"

எடுத்திருந்தோம். அன்று கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதத் தேவையில்லை. செம்பு கழுவப்பட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது. நாம் ஒரு பழைய பால்மாப் பேணியுடன் சாதனையைத் தொடர்ந்தோம்.

கந்தோரிலும் வெளியிலுமாக எம் போன்ற பன்னிருவர் வருடத்துக்கொருமுறை நுவரெலியாவிற் கூடி, ஒரு சிறு வெள்ளிக் கிண்ணத்துக்காகப் போட்டியிடுவது வழக்கம். கிண்ணத்தில் ஒரு கோப்பைத் தேநீர்கூடக் கொள்ளாது. ஆயினும் அதிற் பெயர் பொறிக்கப்படும். எமது பெயர் அதில் இல்லை. அதுமட்டுமன்று, பதினெட்டுக் குழிகளையும் நூறு அடிக்குள் ஆடி முடித்தல் என்பது எம் போன்றோருக்கு ஓர் எல்லைக் கல். அக்கல்லையும் நாம் தாண்டியதில்லை. முந்திய வருடம் 103 அடியில் நின்றோம்.

மாசி மாதத்து நுவரெலியாவுக்கு ஆயத்தமாவது தனி ஒரு கலை. கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே உள்ள அவ்வூரிற் காலையிற் புல்லின்மேல் உறைபனி கிடக்கும்; பத்து மணிக்கு வெயில் சுடும்; பிற்பகலில் மழை வந்தாலும் வரும். கம்பளிச் சட்டை, மழையங்கி, தொப்பி, இரண்டு சோடி காலுறை, நனைந்த மட்டைப்பிடியைத் துடைக்க ஒரு துவாய், வாழைப்பழம், பருப்பு வடை என்று பை நிறைந்தது. பந்துகள் பத்து. எத்தனை திரும்பிவரும் என்பதை ஆண்டவனே அறிவான். முதல்நாள் இரவு நேரத்துடன் படுத்தோம். நித்திரைதான் வரவில்லை. கண்ணை மூடினாற் பந்து வலப்புறமாகவே சென்றது.

அங்குள்ள கழகம் 1889இல் வெள்ளைக்காரர் அமைத்தது. தேயிலைத் தோட்டங்களின் துரைமார் மலைகளிலிருந்து இறங்கிவந்து, தம் ஊரை நினைந்து ஆடிய இடம். நம்மவர் நெடுங்காலம் அங்கே ஆடியவரல்லர், பை சுமந்தவர்கள். பிதுருதலாகலை மலையைப் பின்னே வைத்துக்கொண்டு நகரத்தின் நடுவிலேயே கிடக்கும் அத்திடலில் நின்று மட்டையை ஓங்கும்போதெல்லாம் இந்த நினைவு எமக்கு வராமற் போவதில்லை. இம்முறை எமது பையைச் சுமந்து வழிகாட்ட வந்தவரும் தோட்டத்திற் பிறந்த ஒரு பெரியவர். எம்மிலும் பத்து வயதேனும் மூத்தவர். ஆங்கிலத்தில் இத்துணைவரைக் 'கெடி' என்பர். நாம் 'பெரியவர்' என்றே அழைத்தோம். தம் தகப்பனாரும் இதே புல்லிற் பை சுமந்தவர் என்று அவர் சொன்னார். முதற் குழியிலேயே எமது ஆட்டத்தை அளந்துவிட்டார் போலும், மலையின் அழகில் நாம் லயித்து நின்றபோது, "ஐயா, பந்தைப் பாருங்க. மலை அங்கேயேதான் இருக்கும்" என்றார். மென்புற்றரையில் எந்தப் பக்கம் சாய்வு என்று எமக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்டது. "கண்ணு அப்படித்தாங்க சொல்லும். பந்து மலையை விட்டு விலகித்தான் ஓடும்" என்றார். ஓடியது. அதன்பின் நாம் வாதாடவில்லை.

அன்று காலை, போசனத்தின்போது, நாம் நண்பர்களுக்கு ஒரு கதை சொல்லியிருந்தோம். கோல்ப் உலகிற் பொபி ஜோன்ஸ் என்னும் அமெரிக்கரைப் போன்ற இன்னோர் ஆட்டக்காரர் அருமை. இறுதிவரை பணத்துக்காகப் போட்டியாடாதவர். 1930ஆம் ஆண்டில் அக்காலத்துப் பெரும் போட்டிகள் நான்கையும் ஒரே வருடத்தில் வென்று, இருபத்தெட்டாம் வயதிலேயே போட்டிகளிலிருந்து ஒதுங்கியவர். 1925ஆம் ஆண்டு அமெரிக்கத் திறந்த போட்டியில், நீண்ட புல்லுள் அவர் பந்தை அடிக்க ஆயத்தமானபோது பந்து சற்றே அசைந்துவிட்டது. வேறொருவரும் காணவில்லை. அவரோ, அசைந்தது என்று தாமே கூறித் தம்மேல் ஓர் அடியை ஏற்றிக்கொண்டார். முடிவில் இன்னொருவருடன் சமமாக நின்று, மறுநாள் நடந்த மேலதிக ஆட்டத்திற் பட்டத்தை இழந்தார். அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் முதல்நாளே வென்றிருப்பார். இக்கதையை நாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னோம். ஒருவர் தேநீரை மறந்து கேட்டார். கதை நன்றாக எடுபட்டதில் எமக்கு ஒரு பெருமிதம்.

ஆட்டம் வழமைக்கு மாறாக நன்றாக அமைந்தது. கை இளக்கமாயிருந்தது. பால்மாப் பேணி தன் நன்றியைக் காட்டியது; ஆறடி, ஏழடித் தூரத்திலிருந்தெல்லாம் பந்து குழிக்குள் விழுந்தது.

ஏழாங் குழிக்கு அடித்த பந்து பாதையை விட்டு விலகி, மரங்களின் கீழே ஒரு புற்பற்றைக்குள் தங்கியது. அங்கே வெயில் இன்னும் எட்டவில்லை. புல் நுனியெல்லாம் பனி முத்து. நண்பர் மறுபுறத்தே தம் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். பெரியவர் எமக்குப் பின்னால் நின்றார். நாம் மட்டையைப் பந்தின் பின்னாற் புல்லின்மேல் வைத்தோம். வைத்ததுதான் தாமதம், புல் அமிழ்ந்தது. பந்து அரைப் புரள் புரண்டு நின்றது.

இங்கே விதி என்ன என்பதைக் கூறவேண்டும். பந்து நடுங்கி, மீண்டும் தன் இடத்திலேயே நின்றால் அது அசைந்ததாகாது. இடம் பெயர்ந்து நின்றால் அசைந்ததே. ஆடுபவரே அதற்குக் காரணமானால் ஓரடி தண்டம்; பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து ஆடவேண்டும். வையாது ஆடிவிட்டால் மொத்தம் இரண்டடி. 2019ஆம் ஆண்டில் விதிகளைப் பலவாறு தளர்த்தியபோது, மென்புற்றரையில் தற்செயலாக அசைப்பதற்கும் பந்தைத் தேடும்போது அசைப்பதற்கும் தண்டம் இல்லை என்று ஆக்கினார்கள். ஆனால் இத்தகைய புற்பற்றையில் அடிக்க ஆயத்தமாகும்போது அசைத்தால் தண்டம் அப்படியே இருக்கிறது. இவ்வளவும் எமக்குத் தெரியும். விதிப் புத்தகத்தை முதல்நாள் வண்டியில் வரும்போது படித்துக்கொண்டு வந்தவர் நாமே.

அந்த நிமிடத்தில் எமக்குள் நடந்த வழக்கை என்னவென்று சொல்வது! 'நடுங்கியதுதான், பெயரவில்லை' என்றது ஒரு குரல். பந்து முன்பு கிடந்த இடத்திற் பனி உதிர்ந்த ஒரு சிறு வட்டம் தெரிந்தது. அதை நாம் பார்த்தோம். பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல, அடித்தோம். இரண்டு வருடத்தில் நாம் அடித்த அடிகளுள் மிகச் சிறந்தது அதுவே என்று சொன்னால் வாசகர் நம்பமாட்டார்கள். மரங்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போற் சென்று மென்புற்றரையின் ஓரத்தில் நின்றது. "சபாஷ்!" என்றார் மறுபுறத்து நண்பர். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மட்டையை வாங்கித் துடைத்துப் பையில் வைத்தார். ஏழாவதற்கு ஆறு என்று அட்டையிற் பதிவாயிற்று.

அதன்பின் பதினொரு குழிகள். அவ்வளவு நன்றாக நாம் என்றுமே ஆடியதில்லை. அவ்வளவு சுகமின்றியும் ஆடியதில்லை. அடி ஒவ்வொன்றும் விழவேண்டிய இடத்தில் விழ, மனம் ஏழாங் குழியிலேயே நின்றது. வடை இனிக்கவில்லை. மலையைப் பார்க்கவே தோன்றவில்லை. ஐம்பது வயதில், ஒரு தேநீர்கூடக் கொள்ளாத கிண்ணத்துக்காக இப்படியா என்று எண்ணியபோது, கிண்ணம் எமக்கு இன்னும் பெரிதாகத் தோன்றியது என்பதே உண்மை.

பதினெட்டாவதற்குச் செல்லும் வழியில் அடக்கமாட்டாமற் கேட்டோம்.

"பெரியவர், ஏழாவதிலே, அந்தப் புல்லுக்குள்ளே... பந்து அசைந்ததோ?"

அவர் நடையை நிறுத்தவில்லை. "நான் பின்னால நின்னேங்க, ஐயா. முன்னால நின்னது நீங்கதானே."

சற்று நேரம் சென்று, "இந்த ஓடையைத் தாண்டி அடிங்க. ஏழாம் நம்பர் மட்டை போதும்" என்றார்.

தாண்டினோம். இறுதிக் குழியில் நாலடித் தூரத்திலிருந்து உருட்டிய பந்து ஓரத்தில் தயங்கி உள்ளே விழுந்தது. கழக விறாந்தையில் நண்பர் அட்டையைக் கூட்டினார். இரண்டு முறை கூட்டினார். "தொண்ணூற்றொன்பது!" என்று எழுந்து கையை நீட்டினார். சலுகை முப்பது போக 69. அதுவரை முன்னணியில் இருந்தவர் அவரேதான், அவருடையது 70. தாம் தோற்றதை அத்தனை மகிழ்ச்சியோடு அறிவித்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கொடுக்க எம்மால் முடியவில்லை.

"ஏழாவதில் ஆறு அன்று, எட்டு" என்றோம்.

அவருக்கு விளங்கவில்லை. விளக்கினோம். மேசையைச் சுற்றி நின்றவர்கள் பேசாதிருந்தார்கள். காலையிற் கதை கேட்டவர்கள் அல்லவா? அவர்களுள் எவரேனும் சிரித்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். கிண்ணம் தமக்கு வரப்போகிறது என்பதை உணர்ந்த நண்பர் பதறிப்போனார். "அண்ணை, அது சும்மா ஆடியிருக்கும். பெயர்ந்திராது. ஆர் கண்டது?" என்று வாதாடினார். மறுபடியும் அதே வாசல் திறந்து எம்மை அழைத்தது. இம்முறை வேறொருவர் திறந்துவிட்டார். பனி உதிர்ந்த அந்த வட்டத்தைப் பற்றிச் சொன்னோம். அவர் பென்சிலை எடுத்து, ஆறை வெட்டி எட்டு என்று எழுதினார். 101. சலுகை போக 71. கிண்ணமும் போயிற்று, நூறும் போயிற்று.

வீரச்செயல் எதையோ செய்துவிட்டோம் என்று வாசகர்கள் நினைக்கவேண்டாம். பொபி ஜோன்ஸ் உடனே சொன்னார். நாம் பதினொரு குழி கழித்துச் சொன்னோம். அந்தப் பதினொரு குழிகளையும் திருப்பித் தர எந்த விதியிலும் இடமில்லை. ஆனால் ஒன்று. அட்டையிற் கையொப்பமிட்டபின் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தபோது, மலை மறுபடி தெரிந்தது. முகில் அதன் அரையில் ஒரு சால்வைபோற் கிடந்தது. பருப்பு வடை ஆறிப் போயிருந்தும் நன்றாயிருந்தது.

பெரியவருக்குக் கூலியும் அதற்கு மேலே சிறிதும் கொடுத்தோம். எண்ணிப் பாராமற் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எம் பையிலிருந்த பந்துகளை எண்ணினார். பத்தில் ஏழு இருந்தன. "பரவாயில்லைங்க" என்றார். பின்னர், "அடுத்த வருசம் வந்தா என்னையே கூப்பிடச் சொல்லுங்க, ஐயா" என்று சொல்லி அடுத்தவரின் பையை நோக்கிப் போனார்.

வீடு வந்ததும் மகள் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை அப்பா?" என்பதே. "நூற்றியொன்று." "போன வருசம்?" "நூற்றிமூன்று." "அப்ப குறைஞ்சிருக்குத்தானே" என்று கூறி அவள் தன் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள். தொண்ணூற்றொன்பதின் கதையை இரவு சாப்பாட்டின்போது சொன்னோம். மனைவியார் கேட்டுக்கொண்டிருந்தார்; ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் புறக்கோட்டைக்குப் போய்வந்தவர், கடதாசியிற் சுற்றிய ஒரு பொருளை மண்டபத்து மேசையில் வைத்தார். ஒரு சிறு எவர்சில்வர்ச் செம்பு.

"இது உங்கட. சாமியறைப் பக்கம் போகாதேங்கோ" என்றார்.

அடிமட்டத்தை எடுத்து அதன் வாயை அளந்தோம். மூன்றரை அங்குலந்தான் இருந்தது. குழியின் அளவு நாலேகால் அங்குலம் என்று அவருக்கு எடுத்துரைத்தோம்.

"இதுக்குள்ள விழுந்தால் அதுக்குள்ள விழாதோ?" என்று கேட்டுவிட்டு அவர் சமையலறைக்குப் போனார். நாம் கம்பளத்தை விரித்தோம்.